ஏனோக் அண்ணன் இறங்கிய மலை

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதற்கு முன் அது எஸ்.டி.டி. பூத். கண்ணாடித் தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று கம்ப்யூட்டர் போட்டேன். வந்தவர்களில் பாதிப் பேர் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் பெங்களூரில் வேலைக்கு மனுப் போட வந்தவர்கள். கதைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் ஏனோக் அண்ணன்தான்.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் மனைவி சாராவோடும் பத்தாவது படிக்கிற மகளோடும் இருந்தார். தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர் வேலை. அதாவது, ஆட்களை உள்ளே இறக்கி ஏற்றுகிற கூண்டை மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டு லீவரைத் தள்ளுவார், இழுப்பார். இவ்வளவுதானா வேலை என்று நான் கேட்டபோது, அவ்வளவுதான் என்று அவரும் கோபப்படாமல் ஒத்துக்கொண்டார். என் அப்பா கனரக எந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் ஃபேக்டரி ஜனங்கள். ஒரே ஊரில் குடியிருந்தாலும் மைன்ஸ் ஜனங்களைப் பற்றி எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், பேசுவதென்னவோ எல்லாம் தெரிந்த மாதிரிதான்.

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. வெள்ளைக்காரர் காலத்து கிளப் ஒன்றிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு வந்து, அங்கிருந்து இவர் கைக்கு வந்திருந்தது. ஒரு பெரிய மலை, அதற்கு அடியில் யாரும் பார்த்திராத ஒரு நகரம், அதைத் தேடி இரும்புக் கூண்டில் இறங்கப் புறப்படுகிற ஆட்கள் என்று போகிற ஆங்கிலக் கதை. எல்லோரும் கூண்டருகே வந்து நிற்கும்போது முதல் பாகம் முடிந்துவிடுகிறது.

“ரெண்டாவது பாகம் எங்கனா கீதான்னு பாரும்மா. எத்தினி வருசமா தேடிக்கினு கீறேன்” என்றார்.

தேடினேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகிற காலம் அது. கடைசியில் தெரிந்தது, எழுதியவர் இரண்டாம் பாகம் எழுதாமலே செத்துப்போனார் என்று. அதைச் சொன்னதும் அண்ணன் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தேன். அந்தக் கதையைப் படித்தவர்கள் சிலர் சேர்ந்து அதைத் தாங்களே தொடர்ந்து விளையாடிக்கொண்டிருப்பதாக ஒரு தளம் கிடைத்தது.

விளையாட்டு இப்படி. ஆளுக்கு ஒரு பாத்திரம். என் பாத்திரம் இதைச் செய்தது, இதைப் பேசியது என்று ஒருவர் ஒரு பத்தி எழுதிப் போடுவார். அதைப் படித்துவிட்டு அடுத்தவர் தன் பாத்திரத்துக்கு எழுதுவார். பதில் வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். பகடை இல்லை, ஜெயிப்பவர் தோற்பவர் இல்லை. ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. உன் பாத்திரத்தை மட்டும்தான் நீ நகர்த்தலாம். அடுத்தவர் பாத்திரத்தின் கையை நீ தூக்கக் கூடாது, வாயை நீ திறக்கக் கூடாது.

எனக்கு இது சுத்த வெட்டி வேலையாகப் பட்டது. சொல்லவும் சொன்னேன். அண்ணன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த விதியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார், சரியாகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

சேருவதற்கு விண்ணப்பம் வேறு. பாத்திரத்தின் பெயர், வயது, தொழில், குணம், அப்புறம் மாதிரிக்கு ஒரு பத்தி. அண்ணன் தன் பெயர், தன் வயது, ஊரிகம் விலாசம், ரத்த வகை எல்லாம் எழுதி அனுப்பினார். ஆட்டத்தை நடத்துகிற ஜூடித் என்ற கனடாக்காரி, உங்களைப் பற்றியல்ல, கதைக்குள் வரும் ஆளைப் பற்றி எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த தடவை மாதிரிப் பத்தியில், ஆட்கள் ஏறினார்கள், இறக்கினேன், போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதினார். பத்தி என்றால் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று அதுவும் திரும்பி வந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்றாவது தடவை பாத்திரத்துக்குத் தன் அப்பா பெயரை வைத்தார், ராஜப்பா. குகையில் வாழும் பூதத்துக்கு ஏற்ற அருமையான பெயர் என்று ஜூடித் பாராட்டியிருந்தாள். அப்பா கேட்டிருந்தால் எட்டி உதைத்திருப்பார் என்று சொல்லி அண்ணன் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீரன், வைத்தியக்காரி, திருடன், நாடிழந்த இளவரசன் என்று ஆளாளுக்கு நல்ல வேஷமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். கூண்டை ஓட்டுகிறவன் வேஷம் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. அவன் மலைமேலேயே நிற்பவன், நகரத்தைப் பார்க்கவே மாட்டான். கதை எல்லாம் கீழே நடக்கும், நீங்கள் மேலே தனியாக இருப்பீர்கள், பரவாயில்லையா என்று ஜூடித் கேட்டாள். அதுதான் எனக்குப் பழக்கம் என்று எழுதினார்.

ஆரம்பமே கோளாறு. எல்லோரும் கூண்டில் ஏறியதாக எழுதினார்கள். இனி ராஜப்பா இறக்க வேண்டும். அண்ணன் முதல் ஷிஃப்ட் முடிந்து தினமும் மத்தியானம் வருவார், எழுதியதை எல்லாம் படிப்பார், எழுந்து போய்விடுவார். ஒரு வாரம் போனது, மறு வாரமும் போனது. ராஜப்பா தூங்கிவிட்டானா என்று கூண்டுக்குள்ளிருந்து கிண்டல் வந்தது. ஜூடித் தனியாக வேறு கேட்டாள். பொறுக்க முடியாமல் நானும் கேட்டேன்.

“மணி அடிக்கலியேம்மா” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மணி அடிக்காமல் கூண்டை நகர்த்துவதைப் போன்ற பாவம் அவர் தொழிலில் வேறு கிடையாதாம். ஒருவன் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்திருப்பான், மேலே இருக்கிறவனுக்கு அது தெரியாது. இங்கே எல்லோரும் ஏறியதாக எழுதியிருந்தார்கள், மணி அடித்ததாக ஒருவரும் எழுதவில்லை. சரி, மணி அடியுங்கள் என்று நீங்களே எழுதிக் கேட்க வேண்டியதுதானே என்றேன். டிரைவர் மணியைக் கேட்டு வாங்கக் கூடாது என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நான் என்ன செய்வது. தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. விளக்குத் தூக்கி முன்னால் போகிற மிர்ரா என்ற பாத்திரம். மிர்ரா கயிற்றை இழுத்தாள், மேலே எங்கோ மணி ஒலித்தது என்று ஒரு வரி வந்தது. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ராஜப்பா லீவரை மெதுவாகத் தள்ளினான் என்று எழுதினார். அந்த நிமிஷத்தில் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து என் கேலி அப்படியே நின்றுபோனது.

அதிலிருந்து கூண்டு எந்த ஆழத்துக்கு இறங்கினாலும் மணி அடிப்பது மிர்ராதான். இறங்கியதும் மறக்காமல், நன்றி ராஜப்பா என்று கீழே ஒரு வார்த்தை போடுவாள். அதை அண்ணன் என்னிடம் பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொல்லுவார். மிர்ராவை எழுதுவது ஆணா பெண்ணா, எந்த தேசம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுப் பாருங்களேன் என்று நான் தூண்டிவிட்டேன். கூண்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் தான் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு அது தலைவிதியாகத் தோன்றியது. அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் டிசம்பரில் அந்தக் கூட்டம் நகரத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கூண்டை நோக்கித் திரும்பி வந்தது. வரும் வழியில் மிர்ரா விளக்கோடு ஒரு பக்கச் சுரங்கத்துக்குள் போனதாக எழுதினாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கிறிஸ்துமஸ் போனது, பொங்கலும் போனது. மற்றவர்கள் கூண்டில் ஏறி நின்றுகொண்டு அலுத்துப் போனார்கள்.

இந்த மாதிரி ஆட்டங்களில் இது சகஜமாம். வேலை கிடைக்கிறது, குழந்தை பிறக்கிறது, இல்லாவிட்டால் சலித்துப் போகிறது, ஆள் காணாமல் போகிறார். அப்போது நடத்துகிறவர் அந்தப் பாத்திரத்தைக் கதையிலேயே முடித்துவிடுவார். ஒரு பாறை சரியும், எல்லோரும் ஒரு நிமிஷம் தலை குனிவார்கள், கதை நகரும். மிர்ராவுக்கும் அதையே செய்யலாம் என்று ஜூடித் சொன்னாள். வேறு ஒருவன் முறைப்படி மணியும் அடித்துவிட்டான். இந்தத் தடவை ராஜப்பாவுக்குச் சாக்கு இல்லை. ஆனாலும் அவன் லீவரைத் தொடவில்லை. ஒரு ஆள் கீழே இருக்கிறது என்று மட்டும் எழுதினான்.

இளவரசன் திட்டினான், திருடன் ஆட்டத்தை விட்டே போய்விட்டான். பிப்ரவரிக்குள் கூண்டு மேலே வராவிட்டால் ராஜப்பாவை நீக்கிவிட்டு வேறு ஆளை வைப்பேன் என்று ஜூடித் மரியாதையாகத்தான் எழுதினாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

இங்கே, புலி வருது புலி வருது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த புலி நிஜமாகவே வந்துவிட்டது. அதே பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடுகிறார்கள். ஊரே மைதானத்தில் கூட்டம், கோஷம் என்று கொதித்துக்கொண்டிருந்தபோது இவர் என் கடையில் வந்து மிர்ராவிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டால் எனக்குக் கோபம் வராதா. அப்பா சுரங்கத்துக்குள்ளே மாட்டிக்கொண்டு செத்தாரா, அதனால்தான் இந்தப் பிடிவாதமா என்று கேட்டேன். எங்கள் ஃபேக்டரி ஜனங்களுக்கு மைன்ஸ் என்றால் அந்த ஒரு கதைதான் தெரியும்.

“இல்லம்மா. எங்கப்பன் வீட்டுல, கட்டில்ல, இருமி இருமிதான் செத்தாரு. இது அது இல்ல.”

“அப்ப இன்னாதான்ணா?”

“எறக்குனவன் ஏத்தணும். அவ்ளோதான்.”

வேலை போகிறது, வயசுக்கு வந்த பெண் இருக்கிறது, நீங்கள் முகம் தெரியாத ஒரு பெயருக்காக உருகுகிறீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். 

“வேலைய அவங்க புடுங்கிக்கினாங்க. இத நானே உட்டுட்டா, இத்தினி வருசம் அங்க குந்திக்கினு நான் இன்னாம்மா பண்ணேன்?”

அவருக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

கெடு முடிவதற்குள் ஒரு மத்தியானம் வந்தார். ராஜப்பா மற்ற எல்லோரையும் பத்திரமாக மேலே ஏற்றினான். பிறகு லீவரை, ஜூடித் தனக்கென்று வைத்திருந்த பாத்திரமான கிழட்டுச் சிப்பாய் கையில் கொடுத்துவிட்டு, என்னைக் கீழே இறக்கிவிட்டு நீங்கள் போங்கள் என்று எழுதினான். இதுவரை மலைக்குள் கால் வைக்காதவன். ஜூடித் பதறிப்போய்த் தனியாக எழுதினாள். கதை இனி மலையை விட்டுப் பள்ளத்தாக்குக்குப் போகிறது, லீவரில் யாரும் இருக்க மாட்டார்கள், அந்தப் பக்கத்தை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். அண்ணன் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ராஜப்பா கூண்டில் ஏறி மணி அடித்தான் என்று தட்டி முடித்தார். அனுப்புகிற பட்டனில் மட்டும் அவர் விரல் போகவில்லை. நீ அழுத்தும்மா என்றார். இருந்த எரிச்சலில் நான் படாரென்று அழுத்திவிட்டேன்.

சுரங்கம் மூடியது. அண்ணனுக்குப் பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை கிடைத்தது. விடியற்காலையில் ஊரிகத்தில் ரயில் ஏறினால் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். லிஃப்டில் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது கூச்சமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். வேறெதுவும் புலம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்து ராஜப்பாவாக எழுதுவார். இடது பக்கச் சுரங்கத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. தண்ணீர் நிற்கிற இடம் வரைக்கும் போனேன், கால் தடம் இல்லை. விளக்கு எண்ணெய் வாசனை வருகிறது, இன்னும் உள்ளே போகிறேன். இப்படி வாரம் ஒன்று. முன்பு ஒரு பத்தி எழுத வராதவர், இப்போது பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு ஈ காக்கைகூட அதைப் படிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரா அக்கா பின்னாலேயே வந்துவிட்டார். கோயிலுக்குப் போன ஆள் கடைக்குப் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் எந்தப் பெண்சாதிக்குத்தான் பொறுக்கும். அண்ணன் தூக்கத்தில் உளறியிருப்பார் போலிருக்கிறது, யார் இந்த மிர்ரா என்று எடுத்த எடுப்பிலேயே என்னைக் கேட்டார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் திரையைக் காட்டினேன். அக்கா இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்தார்.

“எங்கிட்ட கல்யாணமான நாள்லேருந்து இவ்ளோ பேசினதில்ல இந்த மனுசன்” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, “சரி, இவரு போய்ட்டாரு. இவர யாரு ஏத்துவாங்க?” என்று கேட்டார்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு புதன்கிழமை கடையைத் திறந்து வழக்கம்போல் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பார்க்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரியாது. கடைசியாக அவர் எழுதியதற்குக் கீழே ஒரு பத்தி இருந்தது. மிர்ரா இருட்டில் கண் திறந்தாள், யாரோ தூரத்தில் கூப்பிடுவது கேட்டது, இங்கே என்று குரல் கொடுத்தாள். அதற்கும் கீழே கதைக்கு வெளியே ஒரு குறிப்பு. இத்தனை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எனக்கு எப்படிச் சாவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இன்றைக்கு வந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நான் சோறு சாப்பிடவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன்பே கடையை மூடிவிட்டு ஆட்டோ பிடித்து ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போனேன். பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகிற வண்டி வந்து நின்றது. கையில் டிபன் பையோடு இறங்கியவர் என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார். தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். உயிரோடு இருக்கிறாள் என்றார், என்னிடமில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஜனங்கள் எல்லாம் கலைந்து போனார்கள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிவதைப் பார்த்தேன்.

“மேல யாரும் இல்லியேம்மா” என்றார்.

“நான் கீறேன்ணா.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். சாரா அக்கா கேட்டுவிட்டுப் போன மறுநாளே ஜூடித்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். என்னுடையதையும் அவள் ஒரு தடவை திருப்பித்தான் அனுப்பினாள். பத்தி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மாமியார் பெயரை வைத்தேன், வெங்கடம்மா. ராணிக்கு ஏற்ற பெயர் என்று ஜூடித் புகழ்ந்திருந்தாள், நான் என் மாமியாரிடம் சொல்லவில்லை. மழைக்கு முன்னாலிருந்தே வெங்கடம்மா லீவருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் நின்றுகொண்டிருந்தாள். அவரை இறக்கிய பட்டனை அழுத்தியவள் நான். அவர் சொன்ன கணக்குப்படி எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

அண்ணன் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

“மெதுவா ஏத்தணும். மேல நெருங்கறப்ப இன்னும் மெதுவா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, ராஜப்பா மிர்ராவைக் கண்டுபிடித்துத் தோளைக் கொடுத்துக் கூண்டு வரைக்கும் வழிகாட்டியதை எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்துவிட்டார். உட்காருங்கள், மணி அடித்ததும் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். கூண்டில் இருக்கிறவன் இன்ஜின் ரூமில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ரிசல்ட் நாள். கடையில் நிற்க இடமில்லை. நடுவில் ஒரு தடவை திறந்து பார்த்தேன். இரண்டு பேரும் உள்ளே, கதவு சாத்தியாயிற்று, மிர்ரா கயிற்றை இழுத்தாள் என்று வந்திருந்தது. அண்ணன் அந்நேரம் பெங்களூரில் யாரையோ மூன்றாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.  அக்கா சீக்கிரம், அக்கா சீக்கிரம் என்று பிள்ளைகள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஆள் இருக்கிறது என்றேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருடைய முகமும் எனக்குத் தெரியவில்லை. வெங்கடம்மா லீவரைப் பிடித்தாள் என்று எழுதி, படித்துப் பார்த்து, மெதுவாக என்று ஒரு வார்த்தை சேர்த்து, இரண்டு பேரையும் ஏற்றினேன்.